முப்பத்து மூன்று, எதில்?

பதினொன்று.

மார்ச் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் அந்த எண் அச்சிட்ட தாள் கைக்கு வந்தபோது அவளுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"டாக்டர், இது என் ரத்தமே இல்ல. சுரங்கத்துல வேலை பாக்கற எவனோடதோ. மாத்திக் குடுத்துட்டாங்க."

கம்பெனி மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த மாதிரிப் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப் போனவர்.

"பேர் உங்களுது, வயசு உங்களுது. வைட்டமின் டி பதினொன்னு. முப்பதுக்கு மேல இருக்கணும்னு பக்கத்துலயே போட்டிருக்கு பாருங்க. இருபதே போதும்னு சொல்ற டாக்டர்களும் உண்டு. பதினொன்னு போதும்னு சொல்ற ஆளை நான் இன்னும் பாக்கல."

"வெயில் படலைன்னாதானே இது குறையும்?"

"முக்கியமா அதான்."

"நான் என்ன வேலை பாக்கறேன்னு தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன. ரயில் நிலையத்துக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கு மேல் ஒரு மஞ்சள் கிரேன் நின்றது. தரையிலிருந்து அறுபது மீட்டர். அதன் கழுத்தில் துணி அலமாரி அளவுக்கு ஒரு கண்ணாடிக் கேபின். அதற்குள் உட்கார்ந்து கம்பிக் கட்டுகளையும் கான்கிரீட் தொட்டிகளையும் தூக்கித் தூக்கி வைப்பவள் அவள். சூரியன் எழும்போது மேலே இருப்பாள். அது சாயத் தொடங்கும்போது இடது பக்கமாக வந்து கண்ணைக் குத்தும். முன்னால் கண்ணாடி, இரு பக்கமும் கண்ணாடி, காலுக்கடியிலும் கண்ணாடி. இடது கை வலது கையைவிட ஒரு படி கறுத்திருக்கும். மதியத்துக்கு மேல் வெயில் அந்தப் பக்கம்.

அந்தக் கையை மேசைமேல் நீட்டினாள். "இதைப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"கேபின் ஜன்னலைத் திறந்து வெப்பீங்களா?"

"அங்க அடிக்கிற காத்துக்கு ஜன்னலைத் திறந்தா என்னைப் பக்கத்து ஊர்ல போய்த்தான் பொறுக்கணும். ஏசி வேற ஓடுது."

"அப்போ சரி. வைட்டமின் டி உண்டாக்கற கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. சூடு வரும், வெளிச்சம் வரும், தோல் கறுக்கும், கண்ணு கூசும். இது மட்டும் வெளியிலயே நின்னுடும்."

இத்தனை வருஷம் வேர்த்து வழிந்ததெல்லாம் வீணா? காசை வாங்கிப் போட்டுக்கொண்டு காலிப் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்த கடைக்காரனைப் பார்ப்பதுபோல அவள் ஜன்னல் வழியாகச் சூரியனைப் பார்த்தாள். ஜன்னலும் கண்ணாடிதான்.

அவள் மருத்துவரிடம் போனது தொடை வலிக்காக. குளிர் நாட்களில் தொடங்கியது. முதலில் ஏணியின் கடைசிப் படிகளில் கால் கனத்தது. பிறகு பாதியிலேயே. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பும்.

சொல்லாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஒவ்வொரு ஜூனிலும் கிரேன் ஓட்டுபவர்களுக்கு ஏணிச் சோதனை உண்டு. இடுப்பில் பெல்ட் கட்டி, சேஃப்டி ஆபீசர் கீழே நின்று பார்க்க, பத்துத் தட்டுகளையும் தாண்டி உச்சிக்குப் போக வேண்டும். தட்டு என்பது ஏணியின் நடுவே மூச்சு வாங்குவதற்காகப் போட்ட இரும்புத் தளம். மூச்சு வாங்கலாம், உட்காரக் கூடாது. ஏற முடியாதவருக்குக் கேபின் இல்லை. நாளைக்கே மேலே மயங்கி விழுந்தால் யார் தூக்கி வருவது என்று ஆபீசர் கேட்பார். நியாயமான கேள்விதான். அதுவே இன்னும் எரிச்சல்.

அந்தக் கேபின் அவளுக்குச் சும்மா கிடைத்ததல்ல. கீழே ஸ்டோரில் ஆணியும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், கிரேன் உரிமத்துக்கு விண்ணப்பம் போட்டபோது மேஸ்திரி கேட்டார்: "அந்த ஏணியை முழுசாப் பாத்திருக்கியாம்மா?" அவள் திருப்பிக் கேட்டாள்: "நீங்க முழுசா ஏறியிருக்கீங்களாண்ணே?" அவர் ஏறியதில்லை. அவள் ஏறினாள். ஏறிப் போய்க் கதவைச் சாத்தியதும்தான் தெரிந்தது, உலகத்தில் இப்படியும் ஓர் இடம் இருக்கிறது என்று. அங்கே யாரும் வந்து புத்தி சொல்ல முடியாது. சொல்ல நினைப்பவர் முதலில் பத்துத் தட்டு ஏற வேண்டும்.

சைட்டில் அவளுக்குப் பெயர் எதுலக்கா. அது வந்த கதை எல்லாருக்கும் தெரியும். முன்பு வேலை பார்த்த சைட்டில் கீழேயிருந்து ஒருவன் வாக்கி-டாக்கியில் "ரெண்டு வருதுக்கா" என்றான். இரண்டு டன் என்று எடுத்துக்கொண்டு தூக்கினாள். அவன் சொன்னது இரண்டு கட்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை டன். கொக்கி கிரேனுடைய கையின் நுனிவரை போயிருந்த நேரம், அங்கே அது தாங்கும் எடை குறைவு. அபாய மணி அலறி, கிரேன் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த எண்ணைச் சொன்னாலும் அவள் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "எதுல?" டன்னிலா, கட்டிலா, மீட்டரிலா, மாடியிலா? தேநீர் எத்தனை என்று கேட்டால்கூட, "எதுல, கோப்பையிலயா ஃபிளாஸ்க்லயா?" என்பாள். இப்போதைய சிக்னல்காரர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், அவளை வாக்கி-டாக்கியில் கூப்பிடும்போதே "எதுலக்கா, எதுலக்கா" என்றுதான் கூப்பிடுவார்.

மருத்துவர் தினமும் ஒரு சின்ன மாத்திரை எழுதினார். "சாப்பாட்டோட போடுங்க. மதியத்துல கொஞ்ச நேரம் முழங்கை தெரிய வெயில்ல நில்லுங்க. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம். ஜூனுக்குள்ள கொஞ்சமாவது ஏறினா கால் தெம்பாகும்."

"ஏறிடும். ஏறலைன்னா விடமாட்டேன்."

வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் அங்கே இருந்தாள். எப்போது இல்லை? மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்தால் தன் வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணன் வீடு. அந்த வழி எந்தத் திசையில் வளைந்தாலும் அண்ணன் வீட்டைத் தொடாமல் போகாது. பள்ளி வேன் ஓட்டும் அண்ணன் அதற்குள் வந்து, காலை நாற்காலிமேல் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

தாளை மேசையில் வைத்ததும் நாத்தனார்தான் முதலில் எடுத்தாள்.

"பதினொன்னா! என்ன அண்ணி இது? எனக்கு நாப்பத்தொண்ணு. ஜனவரில எடுத்தேன், புதுசா ஒரு லேப் திறந்தாங்களே, டெஸ்ட் எடுத்தா குடை இலவசம்னு. நாப்பத்தொண்ணு. மாத்திரை கீத்திரை எதுவும் கிடையாது."

பரீட்சையில் முதலில் வந்தவள்போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நீ நாள் முழுக்கக் கடைக்குள்ளதானே இருக்க?" என்றார் அவள் கணவர், தங்கையிடம்.

"அதுக்கெல்லாம் உடம்பு வாகு வேணும்ண்ணா."

"எனக்கும் வேன்ல கண்ணாடிதான். நானும் பாக்கணுமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"நீங்க மொதல்ல காலைக் கீழ போடுங்க. நாள் பூரா உக்காந்துட்டு வந்து இங்கயும் உக்காந்து, அந்தக் காலுக்கு என்ன கேடு?"

மறுநாளிலிருந்து வெயில் வைத்தியம் தொடங்கியது. மதிய வெயிலில் நிற்கச் சொன்னார் மருத்துவர். மதியம் அவள் அறுபது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறாள். இறங்கி ஏறினால் அரை மணி நேரம், கீழே முப்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆகவே நாத்தனார் திட்டம் போட்டாள்: சாயங்காலம் மொட்டை மாடி. சூரியன் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும்போது அவளைக் கிழக்கே பார்க்க நிற்கவைத்து, "முதுகுல படட்டும் அண்ணி, முதுகுலதான் இழுக்கும்" என்பாள்.

"மதியம்னுதானே டாக்டர் சொன்னாரு?"

"மத்தியான வெயில் மண்டையைப் பொளந்துடும். டாக்டருங்க ஏசில உக்காந்துக்கிட்டு ஆயிரம் சொல்வாங்க."

எதிர்வீட்டுக்காரர் தன் பங்குக்கு மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, காலை ஆறு மணி வெயில்தான் அமிர்தம் என்றார். பக்கத்துத் தையல்கடைக்காரி, இதெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் கிளப்பிவிட்டது, நம்ம அம்மாக்கள் எல்லாம் டெஸ்டா எடுத்தார்கள் என்றாள். தோளை யாரிடமாவது காட்டிவிட்டால் போதும், ஊரே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றாள். முதுகில் பட்டது நாத்தனாரின் பேச்சு மட்டும்தான்.

ஆனால் மாத்திரையை ஒழுங்காகப் போட்டாள். அதில் அவளைக் குறை சொல்ல முடியாது என்றுதான் அவள் நினைத்தாள். விடியற்காலையில் பூட்ஸ் கயிற்றைக் கட்டும்போது, ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிடுவாள். வெறும் வயிறு. அவள் ஏறுவதற்கு முன் எதுவும் சாப்பிட்டதில்லை, தேநீர்கூடக் குடித்ததில்லை. மேலே கழிப்பறை கிடையாது. கிரேன் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். காலையில் வயிற்றைக் காயப்போட்டு, மேலே போய் வேலை சூடு பிடித்த பிறகு டப்பாவைத் திறப்பார்கள். சாப்பாட்டோடு போடு என்று டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. எல்லா மாத்திரைக்கும் சொல்வதுதானே அது, வயிறு எரியாமல் இருக்க. அவள் வயிறு கல்லைத் தின்றாலும் எரியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூட்ஸ் போடாததால் மாத்திரையும் மறந்து போகும். அதனால் என்ன, ஞாயிறு எல்லாருக்கும் விடுமுறை.

மே மாதம் மறுபடி ரத்தம் கொடுத்தாள். சில நாள் கழித்து, கான்கிரீட் தொட்டி ஒன்று கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. தொட்டியை இறக்கி வைத்துவிட்டு எடுத்தாள். கிளினிக் முன்மேசைப் பெண்.

"மேடம், டாக்டர் லீவுல இருக்காரு. உங்க ரிசல்ட் வந்திருக்கு. வந்தா சொல்லச் சொல்லியிருந்தீங்கல்ல?"

"சொல்லும்மா."

"வைட்டமின் டி... முப்பத்து மூணு."

"எவ்ளோ?"

"முப்பத்து மூணு மேடம். மூணு, மூணு."

முப்பதுக்கு மேல் இருக்க வேண்டும். முப்பத்து மூன்று. மூன்று மடங்கு! அவள் போனை வைத்துவிட்டு, யாருமில்லாத கேபினில் இருக்கையின் கைப்பிடியைத் தட்டிச் சிரித்தாள். பிறகு வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

"தம்பி, கேக்குதா? முப்பத்து மூணு!"

"எதுலக்கா?" என்றார் சிக்னல்காரர். அவருக்கு இப்படி ஒரு வாய்ப்பு இதுவரை கிடைத்ததில்லை.

"ரத்தத்துல தம்பி, ரத்தத்துல! வேற எதுல?"

"அப்படியா, நான் என்னமோ முப்பத்து மூணு டன் தூக்கப் போறீங்களோன்னு ஓடலாம்னு பாத்தேன்."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கேக் வாங்கினாள். மீதியிருந்த மாத்திரை அட்டையைக் குளியலறை அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள். நாத்தனார் வந்து, கேக்கைத் தின்று, "பாத்தீங்களா அண்ணி, மொட்டை மாடி! நான் சொல்லலை?" என்றாள். பெருமையைக்கூடப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் வந்துவிடுகிறது. போகட்டும் என்று விட்டாள்.

விட முடியாமல் போனது கால்தான்.

எண் ஏறிவிட்டது, கால் ஏறவில்லை. படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து இழுத்தால்தான் உடம்பு மேலே வந்தது. பேருந்துப் படியில் ஒருமுறை பின்னால் நின்றவர் தள்ளிவிட்டார். கணவரிடம் முதல்முறையாக வாய் திறந்தாள்.

"ஏங்க, தொடை ரெண்டும் மாவுச்சாக்கு மாதிரி இருக்கு."

"அதான் சரியாயிடுச்சே, முப்பத்து மூணு."

"எண்ணு சரியாயிடுச்சு. கால் ஆகலை."

"டெஸ்ட்டே சொல்லுது. நீ சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்கற. ஜூன் வருதுன்னு பயம்."

"பயமா? எனக்கா?"

"சரி, வயசு."

அவருக்கு இரண்டு வயது அதிகம். அதைச் சொல்லிக் காட்ட வாயெடுத்து, வேண்டாம் என்று பாத்திரத்தைக் கழுவப் போனாள். தட்டுகள் அடுப்பங்கரையில் வழக்கத்தைவிடச் சத்தமாக அடுக்கப்பட்டன. நாத்தனாரோ மனசுக்கு ஒரு மாத்திரை இருக்கிறது என்றும், கடை முதலாளியின் மனைவி அதைப் போட்டுக்கொண்டு ஆளே மாறிவிட்டாள் என்றும் தெரிவித்தாள்.

வலிக்கிறது என்று சொன்னால் எண்ணைக் காட்டினார்கள். எண் குறைவாக இருந்தபோது டாக்டராவது வலியை நம்பினார். எண் நன்றாக இருந்தபோது வலிக்கு இடமே இல்லாமல் போனது. இவர்களோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, கடைசியில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சோம்பலோ? உடம்பை வளைக்காமல் உட்கார்ந்து உட்கார்ந்து கெட்டுப்போய்விட்டதோ? டாக்டர் லீவு முடிந்து வந்திருப்பார். போய்ப் பார்க்கலாம். ஆனால் பார்த்து என்ன சொல்வது? முப்பத்து மூன்று இருக்கிறது, ஆனாலும் வலிக்கிறது என்றா? அவரும் மனசு என்று சொல்லிவிட்டால்?

போகவில்லை.

ஜூன் சோதனை ஒரு புதன்கிழமை. மேகமில்லாத காலை. சேஃப்டி ஆபீசர் மஞ்சள் சட்டையும் கழுத்தில் விசிலுமாக நின்றார். அவர் கெட்டவரல்ல. விசில் இருப்பதால் ஊதித்தான் ஆக வேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவே. சிக்னல்காரர் பக்கத்தில் நின்று பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்.

"நல்லா இருக்கீங்கல்லக்கா?"

"எனக்கென்ன? முப்பத்து மூணு."

முதல் மூன்று தட்டும் போனது. நாலாவதில் மூச்சு வாங்கினாள், அது எல்லாரும் வாங்குவதுதான். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே வலது காலை அடுத்த படிக்குத் தூக்கி வைத்தாள். உடம்பு அதன்மேல் எழவில்லை. கையால் இழுத்தாள். கை இழுத்தது, தொடை நடுங்கியது, இரும்பு ஏணியே நடுங்குவதுபோல இருந்தது. எப்படியோ ஆறாவது தட்டில் போய் விழுந்தாள். விழுந்தவள் உட்கார்ந்தாள்.

கீழேயிருந்து விசில் கேட்கவில்லை. அதுதான் அவளை அழவைக்கப் பார்த்தது. விசில்காரர் ஊதாமல் கையை வாயருகே குவித்துக் கூப்பிட்டார்: "போதும்மா. மெதுவா இறங்குங்க. அவசரமில்ல."

தலைக்கு மேலே நாலு தட்டு தூரத்தில் கேபின் தெரிந்தது. கதவில் அவள் ஒட்டியிருந்த சிவப்பு நாடாகூடத் தெரிந்தது. இறங்குவது ஏறியதைவிட மோசமாக இருந்தது. தரைக்கு வந்தபோது சிக்னல்காரர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு வேறெங்கோ பார்த்தார். ஒரு கிண்டல்கூட இல்லை. அதுவும் பொறுக்க முடியவில்லை.

அன்று பிற்பகலே கிளினிக்குக்கு அனுப்பினார்கள். நுழைந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"டாக்டர், வைட்டமின் நல்லா இருக்கு. அதனால வேற என்னமோ. சொல்லிடுங்க, எதுவா இருந்தாலும் பரவாயில்ல. மனசுன்னு மட்டும் சொல்லாதீங்க."

"யாரு நல்லா இருக்குன்னு சொன்னது?"

"உங்க ஆபீஸ்லதான் போன்ல சொன்னாங்க. முப்பத்து மூணு."

அவர் அவளுடைய கோப்பைத் திறந்தார். மே மாதத் தாள் மடிப்புக் கலையாமல் உள்ளே இருந்தது. லீவிலிருந்தபோது வந்தது, முன்மேசையில் வாங்கி அப்படியே சொருகிவிட்டார்கள். விரித்துப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"முப்பத்து மூணுதான்."

"அதான் சொல்றேன்."

"ஏப்ரல்ல கிளினிக்ல லேபை மாத்தினாங்க. பழைய லேப் நானோகிராம் கணக்குல போடுவாங்க. இவங்க நானோமோல். ஒரே சரக்கு, வேற படி." தாளை அவள் பக்கம் திருப்பினார். "இங்க பாருங்க. இவங்க கணக்குல எழுபத்தஞ்சுக்கு மேல இருக்கணும்."

அவள் பார்த்தாள். எண்ணுக்கு வலப்பக்கம், எறும்பு ஊர்ந்ததுபோலச் சின்ன எழுத்தில் அளவு அச்சாகியிருந்தது. அதற்கும் வலப்பக்கம் எழுபத்தைந்து. முன்மேசைப் பெண் மேல் கோபம் பொங்கி வந்தது. வந்த வேகத்திலேயே தடுக்கி நின்றது. அந்தப் பெண் தாளில் இருந்ததைப் படித்தாள். கேட்டிருக்க வேண்டியது யார்?

*எதுலக்கா?*

ஒருத்தர் கேட்கத்தான் செய்தார். சிரித்துக்கொண்டு கேட்டார், அவளும் சிரித்துக்கொண்டே ரத்தத்தில் என்றாள்.

"எதால வகுக்கணும்?"

"ரெண்டரை."

"பதிமூணு" என்றாள் உடனே. லோடு கணக்குப் போடும் மண்டை. "பதினொன்னுலேர்ந்து பதிமூணு. ரெண்டே ரெண்டு. அதுக்கு நான் கேக் வெட்டியிருக்கேன்."

மருத்துவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "மாத்திரை?"

"நிறுத்திட்டேன். ஏறிடுச்சேன்னு."

"அதுக்கு முன்னாடி? சாப்பிட்டுட்டுதானே போட்டீங்க?"

அவள் கழிப்பறையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். விடியற்காலை, பூட்ஸ் கயிறு, ஒரு மடக்குத் தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை. அவர் பாதியிலேயே தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார்.

"இது கொழுப்புல கரையற சரக்கு. வெறும் வயித்துல போட்டா பாதி அப்படியே போயிடும். வயிறு எரியும்னு நான் சொல்லலை, அது ஒட்டணும்னு சொன்னேன். ஏன்னு விளக்காதது என் தப்பு. கொடுத்த அளவும் உங்களுக்குப் பத்தலை, அதுவும் என் தப்புதான். பதினொன்னு இருக்கற ஆளுக்கு இன்னும் பெருசா கொடுத்திருக்கணும்."

டாக்டர் தப்பை ஒத்துக்கொள்வதை அவள் முதல்முறையாகக் கேட்டாள். சண்டை போடத் தயாராக வந்தவளுக்கு அதுவும் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

"அப்போ கால்?"

"இது இவ்வளவு குறைஞ்சா தொடைத் தசைதான் முதல்ல சோர்ந்து போகும். ஏற முடியாது, எழுந்திருக்க முடியாது. நீங்க சொன்னது அத்தனையும் அதேதான். சுண்ணாம்புச் சத்து, சிறுநீரகம் எல்லாம் ஒரு தடவை பாத்துடறேன். வாரத்துக்கு ஒரு பெரிய மாத்திரை. மதியச் சாப்பாட்டுக்கு நடுவுல. அளவு ஏறினா தசையும் மெதுவா திரும்பும். மாசக் கணக்குல ஆகும்."

"மனசு இல்லையே?"

"மனசு நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் கோவம் ஜாஸ்தி."

"மதியச் சாப்பாட்டை மேலதான் சாப்பிடுவேன். அங்கயே போட்டுக்கறேன்."

மருத்துவர் பேனாவை மூடினார். "இப்போதைக்கு மேல போக மாட்டீங்க."

அவள் மருந்துச் சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்தாள்.

வெளியே வரும்போது முன்மேசைப் பெண் தலை நிமிர்ந்தாள். அவளிடம் நின்று ஒன்று மட்டும் சொன்னாள்: "இனிமே யாருக்குச் சொன்னாலும் எந்தக் கணக்குன்னும் சேத்துச் சொல்லும்மா. கேக்காட்டியும் சொல்லு. கேக்க மாட்டாங்க."

அன்று நாத்தனார் வழக்கம்போல் வந்து உட்கார்ந்ததும், எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உன் நாப்பத்தொண்ணு. எதுல?"

"எதுலன்னா? ரத்தத்துலதான் அண்ணி."

"அந்தப் பதிலை நானே சொல்லியாச்சு. தாளை எடுத்துட்டு வா."

"எங்க வெச்சேனோ..."

"குடை எங்க இருக்கோ அங்க இருக்கும். போய் எடுத்துட்டு வா."

தாள் வந்தது. கணவர் காலைக் கீழே போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். அவள் எண்ணைப் பார்க்கவில்லை. வலப்பக்கச் சின்ன எழுத்துக்கு விரலைக் கொண்டுபோனாள். நானோமோல். மனசுக்குள் ரெண்டரையால் வகுத்தாள்.

"பதினாறு" என்றாள்.

"என்ன பதினாறு?"

"உன் உடம்பு வாகு."

நாத்தனார் அன்று பேசாமல் இருந்தது மொத்தமாக எவ்வளவு நேரம் என்று பிறகு அண்ணனும் அண்ணியும் வாதாடினார்கள். அவர் ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் நேரம் என்றார். அவள் அதை ஒத்துக்கொள்ளவில்லை, பாதிக் கோப்பைதான் என்றாள். பிறகு நாத்தனார் தன் தொடையை அமுக்கிப் பார்த்து, "எனக்கும் ரொம்ப நாளா வலிதான் அண்ணி, நான்தான் யார்கிட்டயும் சொல்லலை" என்றாள். அவளுக்குக் கோபமாக வந்தது. பாவமாகவும் இருந்தது. அடுத்த நாள் மாடியில் கிழக்கே பார்த்து நிற்கப்போவது யார் என்று கேட்டாள்.

இப்போது அவள் கீழே, லாரிகள் சரக்கு இறக்கும் இடத்தில், கையில் வாக்கி-டாக்கியோடு நிற்கிறாள். முழங்கைவரை சட்டையைச் சுருட்டி, மதிய வெயிலில். மேலே கேபினில் வேறொரு ஓட்டுநர், இளைஞர், நல்லவர். ஆனால் எதையும் திருப்பிக் கேட்க மாட்டார். ஆகவே அவளே சொல்கிறாள்: "ரெண்டு கட்டு வருது, ஒவ்வொண்ணும் ஒன்றரை டன், மொத்தம் மூணு டன், கேக்குதா?" அவர் "சரி" என்றால் போதாது, முழுதாகத் திருப்பிச் சொல்லவைக்கிறாள். மேஸ்திரியிலிருந்து லாரிக்காரன்வரை வந்து வந்து காலுக்கு எண்ணெய் சொல்கிறார்கள், பெல்ட் சொல்கிறார்கள், ஒருவர் தண்ணீரில் நடக்கச் சொன்னார். ஓடிப்போகக் கதவு இல்லை. சிக்னல்காரர் மட்டும் எதுவும் சொல்வதில்லை. மதியம் மணி அடித்ததும் ரொட்டியும் முட்டையும் வெண்ணெயும் இருக்கும் டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, மாத்திரை நாள் என்றால் ஒற்றை விரலைக் காட்டுகிறார்.

செப்டம்பர் முதல் வாரத்தில் மறுபரிசோதனை. அவளுக்கும் நாத்தனாருக்கும் ஒரே நாள், ஒரே ஆய்வகம். ஏணிச் சோதனைக்கு ஆபீசர் கொடுத்த இரண்டாவது வாய்ப்பு அதற்கு அடுத்த வாரம். ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.